நல்ல இடத்து மண்

அப்பா விட்டுப்போன நிலத்தில் எலுமிச்சை வைத்தே தீருவேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். அது தேறாவிட்டால் தன் மாமனாரின் பெயிண்ட் கடைக்குப் போய்விடுவதாகப் பேச்சு. அவன் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான். என் ஒருத்தியால் ஆகாது. அந்தப் பயம் எனக்குத்தான் இருந்தது, அவன் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு திரிந்தான்.

மண் பரிசோதனைக்கு அவனே எடுத்துக்கொண்டு போனான். மண் பிரமாதம் என்று முடிவு வந்தது. கன்றுகளை நட்டோம். கொஞ்ச நாளில் இலையெல்லாம் மஞ்சளடித்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச்சத்து தெளித்தோம். தெளித்த இலை பச்சைக்குத் திரும்பும். புதுத் துளிர் மறுபடி மஞ்சளாக வரும். கை வலித்ததுதான் மிச்சம்.

"எங்கடா மண்ணெடுத்தே?" என்று கேட்டேன்.

"குப்பைமேட்டுப் பக்கம். அங்கதான் நல்லாருக்கும்."

"வெள்ளை பூத்துக் கெடக்கே, அந்த மூலை?"

"அதைப் போய் யாராவது வெளியாளுக்குக் காட்டுவாங்களாக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரிடம் போய் வலிக்காத காலை நீட்டியிருக்கிறான்.

வெளுத்த இடங்களில் நானே தோண்டிக் கொண்டுபோனேன். பி.எச். ஒன்பதைத் தாண்டியிருந்தது. சோடா உப்பு ஏறிய சுத்தக் களர். ஆய்வுக்கூடக்காரர் சுற்றி வளைக்கவில்லை.

"மண்ணுல இரும்பு இருக்கும்மா, செடியால எடுக்க முடியல. கன்னைப் பிடுங்கிடுங்க. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி கட்டி வடிச்சு விடுங்க. அப்புறம் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுங்க. ரெண்டு வருஷமாவது பிடிக்கும்."

வீட்டில் வந்து சொன்னேன். தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். சரி, ஆள் கடைக்குக் கிளம்பியாயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுவாரம் மாமனார் வந்து இறங்கினார். தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். யார் வந்தாலும் கிணற்றோரத்துப் பச்சையைக் காட்டி அப்படியே திருப்பிக் கூட்டிவந்துவிடுவது தம்பியின் வழக்கம். அன்று நேராக வெளுத்த மூலைக்குக் கூட்டிப்போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"களர் மாமா. தெரிஞ்சும் மறைச்சேன். எல்லாக் கன்னும் வீணாப்போச்சு."

"போகட்டும் மாப்பிள்ளை. கடைக்கு எப்ப வர்றீங்க?"

"வரல மாமா. ஜிப்சத்துக்குச் சொல்லிட்டேன்."

மாமனார் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நாளும் நான் பயந்து செத்திருக்கிறேன், பாவி ஒரு வார்த்தை சொன்னானா? தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து முதல் கன்றைப் பிடுங்கினான். அடுத்ததை நான் பிடுங்கினேன்.