மூஞ்சில மட்டும் வேண்டாம்

யெம்மா, மூஞ்சில மட்டும் அடிக்கக்கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டுதான் நானும் லஹ்சன் அண்ணனும் கீழ இறங்கினோம். அவரு மூஞ்சில ஒரு கீறல் இல்ல. எனக்குத்தான் இடது கண்ணு வீங்கி மூடிக்கிச்சு. அதான் எட்டு நாளா வீடியோல வரல. நெட் இல்லன்னு சொன்னதெல்லாம் பொய். வலது கைல கட்டு இருக்கு, டைப் அடிக்க முடியாது. நான் பேசறேன், போன் எழுதிக்குது. சுமய்யா, நீ அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறப்ப நடுவுல நிறுத்தி அழுவாத. முழுசாப் படி. கடைசில உங்களால ஒரு வேலை ஆகணும்.

லஹ்சன் அண்ணன் மேல எனக்கு முன்னாடி ஒரு கோவமும் கெடையாது. நம்ம பின் தெரு ஹஃபீதாவோட புருஷன். டூரின்ல இந்த வீடு அவரு பேர்லதான் வாடகைக்கு இருக்கு. அப்பா மவுத்தானப்புறம் என்னக் கூப்பிட்டு, "உன் பெட்டியத் தூக்கிட்டு வாடா"ன்னு சேத்துக்கிட்டவரு அவருதான். அத நான் மறக்கல. மறக்காமதான் அவரு விலா எலும்ப ஒடைச்சேன்.

என் இத்தாலி குடியுரிமை மனு போட்டு நாலு வருஷம் ஆச்சு. பதிமூணு வயசுல வந்தேன், பத்து வருஷம் பதிவுல விடாம இருந்தப்புறம்தான் மனுவே போட விட்டாங்க. கொடி முன்னாடி நின்னு உறுதிமொழி எடுக்கற நாள் வரைக்கும் முனிசிபாலிட்டி பதிவுல ஏதாவது ஒரு முகவரில என் பேரு இருந்துக்கிட்டே இருக்கணும். நடுவுல அறுந்துச்சுன்னா பதினாலு வருஷமும் தண்ணில போச்சு.

அவருக்கு வேற பிரச்சினை. ஹஃபீதாவையும் ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிட்டு வரணும்னா வீட்டுச் சான்றிதழ் வேணும். இந்த வீட்டோட அளவுக்கு நாலு பேருதான் பதியலாம். அஞ்சாவதா என் பேரு ஒக்காந்திருக்கு. நான் வேற ரூம் தேடலன்னு நெனைக்காதீங்க. அஞ்சு மாசம் தேடினேன். ரூம் தர்றான், பதிவு தர மாட்டேங்கறான். மொராக்கோக்காரன் பேரு ஒரு தடவ ஏறினா எறங்காதாம்.

"இன்னும் எத்தன நாள்டா ஜவாத்?"

"அடுத்த மாசம் வந்துரும் அண்ணே."

"நாலு வருஷமா உனக்கு அடுத்த மாசமேதான் நடக்குது. எனக்கு என்னடா? வருஷத்துக்கு இருபது நாள் அப்பன் நான். சின்னவ என்னப் பாத்து மாமான்னு கூப்புடறா."

"அதுக்கு நான் என்ன பண்ண? ஆபீஸ நானா நடத்தறேன்?"

"நீ நடத்தல. நீ ஒக்காந்திருக்க. என் புள்ள படுக்க வேண்டிய எடத்துல."

மொதல்ல கீழ வாசல்ல காலிங் பெல்லுல இருந்த என் பேரக் கிழிச்சாரு. பேரு இல்லன்னா தேடி வர்ற முனிசிபாலிட்டி ஆளு, இங்க இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவான். நான் மறுபடி எழுதி ஒட்டினேன். மறுபடி கிழிச்சாரு. மூணாவது தடவ ஸ்க்ரூ டிரைவர விட்டு அந்தத் தகட்டையே நோண்டி எடுத்துட்டாரு. ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்தா என் மெத்த படிக்கட்டுல கெடக்கு. நான் அவரு ரூம் கதவ ஒதச்சேன், தாழ்ப்பாள் தெறிச்சு விழுந்துச்சு. உள்ள டீ குடிச்சிட்டிருந்தவரு கிளாஸோட எறிஞ்சாரு. செவுத்துல பட்டு ஒடஞ்சு ஒரு சில்லு என் காதுல குத்திச்சு. பாஞ்சு போயி கழுத்தப் புடிச்சேன். அப்ப மாடில கதவு தெறக்கற சத்தம். அப்படியே நின்னோம் ரெண்டு பேரும். நான் கழுத்த விடல, அவரு என் முடிய விடல. போலீஸுக்கு யாராவது போன் போடறாங்களான்னு காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டு நின்னோம். மாடிக் கதவு மூடுச்சு. அவரு மெதுவா, "விடுடா, மூச்சு முட்டுது"ன்னாரு. விட்டேன். அவருதான் என் காதுலேருந்து கண்ணாடிய எடுத்து விட்டாரு.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பயம்தான். ஒரு போலீஸ் கேஸ் வந்தாப் போதும், என் மனுவும் போச்சு, அவரு மனுவும் போச்சு. அதனால எங்க சண்ட எல்லாம் சத்தமில்லாம நடக்கும். பல்லக் கடிச்சுக்கிட்டு, கிசுகிசுன்னு கெட்ட வார்த்தை பேசிக்கிட்டு.

போன வெள்ளிக்கிழம மத்தியானம் படியேறி வர்றேன், ரெண்டாவது மாடி ஒர்னெல்லாம்மா கதவத் தெறந்து, "உன்னத் தேடி முனிசிபாலிட்டி ஆளு ரெண்டு தடவ வந்தாரே, தெரியுமா?"ன்னாங்க.

"எப்போ?"

"ஒண்ணு நீ தங்கச்சி கல்யாணத்துக்குப் போனப்ப. இன்னொண்ணு போன வாரம். நீ மொராக்கோவுக்கே போயிட்ட, திரும்ப மாட்டன்னு உங்க ஆளு சொன்னாரு. மூணாவது தடவையும் நீ இல்லன்னா பேர எடுத்துருவோம்னு சொல்லிட்டுப் போனாரு."

மேல போனேன். அவரு கூஸ்கூஸ் தட்ட எறக்கி வச்சிட்டிருந்தாரு. வெள்ளிக்கிழம ஆச்சே. "ஒக்காரு, ஆறிடும்"னாரு.

ஒக்காந்தேன் யெம்மா. ஏன்னு கேக்காதீங்க. ஒரே தட்டுல நான் என் பக்கம், அவரு அவரு பக்கம். நடுவுல இருந்த கறியப் பிச்சு எப்பவும் போல என் பக்கம் தள்ளுனாரு.

"ஆள் வந்தாரா?"ன்னு கேட்டேன்.

"வந்தாரு."

"என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

"நான் செத்துட்டேன்னு சொல்லியிருக்கலாமே, ஒரேடியா முடிஞ்சிருக்கும்."

"அதுக்குச் சான்றிதழ் கேப்பான். சாப்புடு."

சாப்ட்டேன். தட்டு காலியாகற வரைக்கும் சாப்ட்டுட்டு, "கீழ வா"ன்னேன்.

"கையக் கழுவிட்டு வர்றேன்"னாரு.

பில்டிங்குக்கு அடில சாமான் போடற ரூமுங்க இருக்கு. இரும்புக் கதவு, ஒரு பல்பு. எறங்கறப்பவே பேசிக்கிட்டோம். அவருதான் சொன்னாரு. "மூஞ்சில மட்டும் வேண்டாம், எனக்குத் திங்கக்கிழம மனு ஆபீஸ்ல போட்டோ எடுக்கணும். கைல எதுவும் எடுக்கக்கூடாது. கத்தக்கூடாது. எவன் விழுந்தாலும் ஆஸ்பத்திரி கெடையாது, அங்க வாசல்லயே போலீஸ் ஒக்காந்திருக்கான்." சரின்னேன். வாட்சக் கழட்டி படில வச்சாரு.

அவரு சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்யறவரு. மொத குத்து வயித்துல விழுந்துச்சு, சாப்ட்ட கூஸ்கூஸ் அப்படியே வெளிய வந்துச்சு. நான் குனிஞ்சேன், முதுகுல முழங்கையால ரெண்டு போட்டாரு. நான் சந்தைல ஆரஞ்சுப் பெட்டி தூக்கறவன், எனக்கு இடுப்புல பலம். அவரு தொடையக் கட்டிப் புடிச்சுத் தூக்கி செவுத்துல மோதினேன். மறுபடி மோதினேன். மூணாவது தடவ காஞ்ச ரொட்டிய ஒடைக்கற மாதிரி ஒரு சத்தம். அவரு கத்தல. வாய தன் கையாலயே பொத்திக்கிட்டு சறுக்கி ஒக்காந்தாரு. ஒக்காந்த ஆள மிதிச்சேன். அதுவும் பேசி வச்சதுல இல்ல.

"முடிச்சுக்கலாம்டா," அப்படின்னாரு.

நான் முடிக்கல. "உன் பொண்டாட்டி அங்கயே கெடந்து அழுகட்டும்"னு சொன்னேன். இத உங்ககிட்ட மறைக்கலாம்னு நெனைச்சேன், ஆனா அதுக்கப்புறம்தான் மூஞ்சில அடி விழுந்துச்சு. அவரு எந்திரிச்சு ஒரே குத்து. கண்ணுல பூச்சி பறந்துச்சு. விழாம இருக்க கதவு நெலையப் புடிச்சேன். அவரு அந்த இரும்புக் கதவ இழுத்து அறைஞ்சாரு. என் விரலு உள்ள இருக்கு. ஒரு தடவன்னா தெரியாம நடந்துச்சுன்னு சொல்லுவேன். தெறந்து பாத்துட்டு ரெண்டாவது தடவ அறைஞ்சாரு.

அதுக்கப்புறம் எனக்கு வலிக்கவே இல்ல. கால் மட்டும் வேலை செஞ்சுச்சு. ஒடஞ்ச எடத்துலயே ஒதச்சேன், எத்தன தடவன்னு ஞாபகம் இல்ல. அவரு வாய்லேருந்து செவப்பா நுரை வந்தப்பதான் நிறுத்துனேன்.

போன எடுத்தேன். அவரு என் கணுக்காலப் புடிச்சாரு.

"கூப்புடாத. ஹஃபீதா மனு போயிரும்."

"செத்துருவ அண்ணே."

"கூப்புடாதடா நாயே."

யெம்மா, பொய் சொல்ல மாட்டேன். நான் உடனே கூப்புடல. மூணு நாலு நிமிஷம் படில ஒக்காந்து அவரு மூச்சு வாங்கறதப் பாத்துக்கிட்டிருந்தேன். நாலு வருஷத்த நெனைச்சேன். பதினாலு வருஷத்த நெனைச்சேன். மூச்சு விசிலடிக்க ஆரம்பிச்சுச்சு. இடது கையால ஆம்புலன்ஸுக்குப் போட்டேன்.

ஆஸ்பத்திரில ஒரு வயசான போலீஸ்காரர் நோட்டோட வந்து நின்னாரு. லஹ்சன் அண்ணன் மாஸ்க்க வெலக்கிட்டு, "படிக்கட்டுல விழுந்துட்டேன்"னாரு.

"இவரு?"

"என்னத் தூக்க வந்து இவனும் விழுந்தான்."

"ஒரே படிக்கட்டா?"

"ஒரே படிக்கட்டு சார்."

"அந்தப் படிக்கட்டத்தான் கைது பண்ணணும்"னு சொல்லிட்டு, "மொதல்ல டாக்டர் என்ன எழுதறாங்கன்னு பாக்கறேன்"னு போய் ஒக்காந்துட்டாரு.

அவருக்கு விலால மூணு எலும்பு, நுரையீரல்ல சின்னக் குத்து. ஆறறதுக்கு முப்பத்தஞ்சு நாள்னு எழுதினாங்க. அப்புறம் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா என் கையத் திருப்பிப் பாத்தாங்க.

"இது கதவு. படிக்கட்டு இல்ல. படம் எடுக்கணும், ஆபரேஷன் பண்ணணும். அம்பது நாளுக்குக் கம்மியா ஆறாது."

"முப்பதுன்னு எழுதுங்க டாக்டர்."

"விரலு உங்களுது, சட்டம் என்னுது இல்ல. நாப்பது தாண்டிச்சுன்னா நீங்க புகார் குடுத்தாலும் குடுக்காட்டியும் கேஸ் தானா நடக்கும்."

"நீங்க எழுதறதுக்கு முன்னாடி நான் போயிட்டா?"

என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. "போயிட்டா எழுத எனக்கு ஒண்ணும் இருக்காது. மடக்க உங்களுக்கு விரலும் இருக்காது. வெளில ஒக்காருங்க, கூப்புடுவாங்க."

ஒக்காந்தேன். கேஸ் நடந்தா மொதல்ல அவரு உள்ள போவாரு, ஹஃபீதா வர மாட்டா. அப்புறம் அவரு விலாவ யாரு ஒடைச்சான்னு தோண்டுவாங்க, நானும் போவேன். என் பேரு கூப்புடறதுக்குள்ள எந்திரிச்சு, நோட்டு வச்சிருந்தவரு காபி மெஷின் பக்கம் திரும்பின நேரம் பாத்து வெளிய நடந்துட்டேன்.

மருந்துக்கடைல கட்டுத்துணியும் விரலுக்கு வச்சுக் கட்டற பட்டையும் வாங்கினேன். வீட்டுக் குளியலறைல துண்டப் பல்லுல கடிச்சுக்கிட்டு நானே ஒவ்வொரு விரலா இழுத்து நேராக்கினேன். மோதிர விரல் வந்துச்சு. நடுவிரல இழுத்தப்ப மயங்கி விழுந்துட்டேன். அது அப்படியே கோணலா நின்னுடுச்சு. அத விட்டுட்டேன்.

செவ்வாக்கிழம அவரு ஆஸ்பத்திரிலேருந்து வந்தாரு. திங்கக்கிழம போட்டோவும் போச்சு. ரெண்டு நாள் ஆளுக்கொரு ரூம்ல கெடந்தோம். ஒருத்தர் இருமுனா இன்னொருத்தருக்குக் கேக்கும், அவ்ளோதான்.

முந்தாநாள் வியாழக்கிழம காலைல அந்த முனிசிபாலிட்டி ஆளு வந்துட்டாரு. வாசல்ல பேரு இல்ல, ஒர்னெல்லாம்மாதான் உள்ள விட்டிருக்காங்க. லஹ்சன் அண்ணன் கதவத் தெறந்தாரு. நான் பின்னாடி போய் நின்னேன், இந்தக் கண்ணோட, இந்தக் கையோட. ஆளு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"இவரு இங்க குடியிருக்காரா, இல்ல வந்துட்டுப் போற விருந்தாளியா? வீடு உங்க பேர்ல இருக்கு, நீங்க சொல்லுங்க."

விருந்தாளின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும் யெம்மா. அவரு விலாவப் புடிச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பினாரு. என் மூஞ்சியப் பாக்கல, கைல இருந்த கட்டத்தான் பாத்தாரு.

"இங்கதான் இருக்கான்."

"போன தடவ மொராக்கோ போயிட்டாருன்னீங்க?"

"கோவத்துல சொன்னேன்."

"இப்ப கோவம் போயிருச்சா?"

"இல்ல."

எழுதிக்கிட்டாரு. என்ன இடது கையால கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். போயிட்டாரு.

"ஏன் அண்ணே?"ன்னு கேட்டேன்.

"எனக்காக ஆஸ்பத்திரிலேருந்து ஓடி வந்தன்னு நெனைச்சுக்கிட்டுத் திரியாத. உனக்காகத்தான் ஓடுன, எனக்குத் தெரியும். ஆனா நீ ஓடலன்னா இன்னிக்கு நான் ஜெயில்ல இருப்பேன்." செவுத்தப் புடிச்சுக்கிட்டு ரூம் வரைக்கும் போயிட்டுத் திரும்பினாரு. "ஹஃபீதாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் ஜெயிச்ச, நீயே சொல்லு."

நேத்தெல்லாம் போன கைல வச்சுக்கிட்டே இருந்தேன், அவ நம்பர அமுக்க முடியல. அதனால உங்ககிட்ட சொல்றேன். ரெண்டு பேரும் அவ வீட்டுக்குப் போங்க. புள்ளைங்க ஸ்கூல்ல இருக்கற நேரமாப் போங்க. பதிவுல ஜவாத் பேரு நிக்குது, அதனால உனக்கு இந்த வருஷமும் வழி இல்லன்னு நேரா சொல்லுங்க. அவரு மேல தப்பு இல்லன்னும் சொல்லுங்க. அவ கத்துவா. கைல கெடைச்சத எடுத்து எறிவா. சுமய்யா, நீ எதுத்துப் பேசாத. கதவப் பாத்து ஓடாத. நின்னு வாங்கிக்கோ.