செவ்வாய்க்கிழமைக் கடற்கரை

உலகத்துக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் பார்லர் அக்காவுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை. ஞாயிறன்று நகரத்திலுள்ள தலையெல்லாம் அவள் நாற்காலிக்கு வந்து வரிசை கட்டும். செவ்வாயன்று அத்தனை தலைகளும் வேலைக்குப் போய்விடும். அவள் அறையில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அண்ணன் ஒருவன் இருக்கிறான். அண்ணி வந்த பிறகு அவனும் இல்லாத கணக்குதான். அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் எழுந்து, பெட்டியில் கிடந்த புதுத்துணியை எடுத்து உடுத்திக்கொண்டு, இரண்டு பேருக்குச் சாப்பாடும் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் பஸ் ஏறினாள் என்றால், எல்லாம் சுருட்டை செய்த வேலை.

சுருட்டை என்பது இவளாக வைத்துக்கொண்ட பெயர். வாடிக்கைக்காரர்களை இவள் முடியை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள்: பொடுகு டீச்சர், இரட்டைச்சுழி, சாயக்காரம்மா. சுருட்டைக்கு ஏதோ ஆபீசில் வேலை. மாதம் தவறாமல் வருவாள். கழுத்தில் துணியைச் சுற்றியதுதான் தாமதம், மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதிலிருந்து புருஷன் குறட்டை வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டிவிடுவாள். ஒருநாள் அழுதேவிட்டாள். இவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

போன முறை வந்தபோது சுருட்டைதான் பேச்சை எடுத்தாள்.

"ஏன்க்கா, நீங்க எங்கேயும் போறதே இல்லையா?"

"எங்க போறது? எனக்கு லீவு செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு யாரு என்கூட வருவா?"

"நான் வர்றேன். அடுத்த செவ்வாய் எப்படியும் லீவு போடலாம்னு இருக்கேன். அந்த மீன்காரங்க கிராமத்துல ஒரு பீச் இருக்குல்ல, அங்க போவோம். நல்லா காலை நீட்டிக்கிட்டுப் பேசலாம். படகு நிக்கிற இடத்துக்கு வந்துடுங்க."

நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பேசுவதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு இவளே சொல்லியிருக்கிறாள்: "அவங்க பேசுறதை எல்லாம் முடியோட சேர்த்துக் கூட்டித் தள்ளிடணும்." தலையில் ஒரு கை மெதுவாக மேய்ந்தால் யாருக்கும் மனசு இளகும், வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், எழுந்து போனதும் மறந்துவிடுவார்கள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் இந்த ஒரு பேச்சை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டுவிட்டாள். கடைப் போனில் சுருட்டையின் நம்பர் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று தோன்றத்தான் செய்தது. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டாள். அந்தப் புத்தி வேறு!

பஸ் நகரத்து நெரிசலையெல்லாம் தாண்டி, தொழிற்சாலை மதிலைத் தாண்டி, கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. அவ்வளவு பக்கத்தில் அத்தனை அமைதி இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. கரையேற்றிய படகுகள். படகு நிழலில் நாய்கள். தூரத்தில் புகைமூட்டத்துக்குள் நகரத்துக் கட்டிடங்கள் யாருக்கோ சொந்தமானவை போல நின்றன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் நின்றாள். வருஷக்கணக்காக நின்றே வேலை பார்த்து நரம்பு சுருண்ட கால்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் "அம்மாடி" என்று வாய்விட்டே சொன்னாள். இங்கேயும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம் என்று உறைத்ததும் சிரிப்பு வந்தது. போய்ப் படகு நிழலில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"யாருக்காவது காத்திருக்கியாம்மா?"

"ஆமாண்ணே. சிநேகிதி வர்றா."

அந்த வார்த்தையை வாயால் சொல்லி எத்தனை காலமாயிற்று! சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு தடவை சொல்லலாம் போலவும் இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போயிற்று. வெயில் ஏறி, படகின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. வலைக்காரர் கையை உதறிக்கொண்டு சாப்பிடப் போனார். பசி வயிற்றைக் கிள்ளியது. அவள் வராமல் பிரிப்பதா என்று சாப்பாட்டைத் தொடவில்லை.

சுருட்டை வந்தாள். வரத்தான் செய்தாள். ஒரு காரிலிருந்து, ஆபீஸ் தோழிகள் நாலைந்து பேரோடு, கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினாள். இவள் எழுந்து கையைத் தூக்கினாள். சுருட்டை இவளை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கடலைப் பார்த்த மாதிரியே பார்த்துவிட்டு, தண்ணீரை நோக்கி ஓடினாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் இவள் தலையைக் கோதிக்கொண்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கறுப்புக் கோட்டும் வாயை மூடிய மாஸ்க்குமாக, அதுவும் கண்ணாடிக்குள், தன் தலைக்குப் பின்னால் நிற்பவளைத்தானே அவள் பார்த்திருக்கிறாள். இப்படித்தான் இவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது சுருட்டையே போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"ஆன்ட்டி, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

ஆன்ட்டி! நெஞ்சில் சுருக்கென்றது. இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். ஐந்து பேரும் தோளில் கைபோட்டு நின்றார்கள். சுருட்டை தலையைச் சாய்த்துச் சாய்த்து இளித்தாள். காற்றில் முடி முகத்தை மறைத்தது. இவள் வாய் சும்மா இருக்குமா?

"தலையை நேரா வைங்க. ஆட்டக் கூடாது."

சுருட்டை சட்டென்று தலையை நேராக்கினாள். உடனே வாயைப் பிளந்தாள்.

"அக்கா! பார்லர் அக்கா! நீங்களா?"

ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பாசத்துக்குக் குறைவில்லை. "இங்க எப்படிக்கா, தனியாவா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். போன வாரம் தான் சொன்னது அவள் முகத்தில் மெதுவாக ஏறுவதை இவள் பார்த்தாள். அந்த முகம் பரிதாபப்படத் தொடங்குவதற்குள் முந்திக்கொண்டாள்.

"தனியா எதுக்கு வர்றேன்? எங்க ஆளுங்களோட வந்திருக்கேன். அதோ."

கை காட்டிய பக்கம் ஒரு பெரிய கூட்டம் துணிப்பந்தல் கட்டி உட்கார்ந்திருந்தது. யார் எவர் என்று அவளுக்குத் தெரியாது. சுருட்டை "அப்பாடா" என்று மூச்சு விட்டாள். "போங்கக்கா, தேடப்போறாங்க" என்று சிரித்தபடி அங்கேயே நின்று பார்த்தாள். சொல்லியாயிற்று, இனி போகாமல் முடியுமா? மணலில் கால் புதையப் புதைய நடந்து, அந்தப் பாயின் ஓரத்தில், ஏதோ எழுந்துபோய்விட்டுத் திரும்பியவள் போல உட்கார்ந்தாள்.

யாரும் விரட்டவில்லை. ஓர் அம்மாள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். இன்னொருத்தி, "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று கைக்குழந்தையை மடியில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. புதிதாகச் சம்பந்தம் செய்த இரண்டு வீட்டார் சேர்ந்து வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் இவளைப் பெண் வீட்டுப் பக்கம் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை பக்கம் என்று. புதுச் சம்பந்திகளிடம் போய் "நீங்க யாரு?" என்று யார் கேட்பார்கள்? மரியாதை கூடிக்கொண்டேதான் போயிற்று.

இவள் கட்டிவந்ததை நடுவில் வைத்தாள். பிரித்த கையோடு காலியாயிற்று. "யார் கைப்பக்குவம் இது?" என்று பெரியவர் ஒருவர் விரலைச் சப்பினார். அப்புறம் யாரோ இவள் தட்டில் கேட்காமலே சோற்றை வைத்தார்கள். போதும் போதும் என்றால் விடவில்லை. போதும் என்று சொல்லியும் ஒருவர் வைப்பது எவ்வளவு நன்றாயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வைத்ததையெல்லாம் சாப்பிட்டாள். தூரத்திலிருந்து சுருட்டை கையசைத்தாள். இவள் குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பி அசைத்தாள். அந்த மதியம் அவள் சந்தோஷமாக இருந்தாள். பொய் என்று தெரிந்தே சந்தோஷமாக இருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் பந்தலைப் பிரித்தார்கள். சுருட்டையின் கூட்டம் இன்னும் அங்கேதான் இருந்தது. இவள் பாயின் ஒரு முனையைப் பிடித்து மடித்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேன் வரைக்கும் நடந்தாள். "ஏறுங்க, ஏறுங்க" என்று பின்னாலிருந்து யாரோ அவசரப்படுத்த, ஏறியும்விட்டாள். ஜன்னலோரத்து அம்மாள் தன் பக்கத்தில் தட்டி இடம் காட்டினாள். போய்விட்டால்தான் என்ன என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நினைத்தாள்.

பெண்ணின் மாமா வேன் வாசலில் நின்று தலை எண்ணினார். எண்ணி முடித்துத் தாடையைச் சொறிந்தார்.

"என்ன மாமா, யாராவது விட்டுப்போச்சா?"

"விட்டுப்போனா பரவாயில்லையே! ஒரு ஆள் கூடுது."

வேன் முழுக்கச் சிரிப்பு. "உங்களையே ரெண்டு தடவை எண்ணியிருப்பீங்க", "சின்னதைச் சேர்த்தீங்களா?" என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து விரலை நீட்ட ஆரம்பித்தார். விரல் முன்சீட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அவள் குழந்தையைப் பக்கத்து அம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றாள்.

"இப்ப எண்ணுங்கண்ணே," என்றாள். "சரியா இருக்கும்."