சுறா எண்ணெய் குடித்த டயர்கள்

கொட்டகைக் கதவைத் திறந்ததும் மீன் நாற்றம் முகத்தில் அடித்தது. காரைச் சுற்றி ஈ மொய்த்தது. முன்சக்கரத்தை ஒரு நாய் சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது.

காரின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும்போது அது எதிர்த்து அடித்து என் மணிக்கட்டை ஒடித்துவிட்டது. எலும்பு கூடும்வரை, வாடகைக்கு ஓட்டும் அந்தக் காரை மாரியூரில் என் மச்சான் இன்னாசியின் மீன்பிடி வள்ளம் நிறுத்தும் கொட்டகையில் விட்டிருந்தேன். இன்று காலை காதர் மைதீன் முதலாளியின் மகன் சதக்கை நிக்காஹுக்குக் கீழக்கரை கொண்டுபோய்ச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை காரில் வந்து இறங்குவார் என்று பெண் வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

"என்ன மச்சான் இது?"

இன்னாசிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சுறா எண்ணெய் மாப்ளே. உப்புக்காத்துல ரப்பரு வெடிச்சுப்போவும்ல? வள்ளத்துக்குப் பூசுறப்பல்லாம் இதுக்கும் பூசிட்டேன். பின்னாடி மாட்டியிருக்க அஞ்சாவது சக்கரத்துக்குங்கூட!"

தொட்டேன். சளி போல் விரலில் ஒட்டியது. மணல், செதில், செத்த ஈ எல்லாம் சேர்ந்து வந்தது.

மரமும் எண்ணெய் குடிக்கும், ரப்பரும் குடிக்கும். மரம் குடித்தால் அதன் நுண்துளைகள் அடைபட்டுத் தண்ணீர் ஏறாது. ரப்பர் குடித்தால் ஊதும், இளகும், கடைசியில் பஞ்சாகும். டயரில் தரையைத் தொடும் மேடுபள்ளத்தைப் பட்டன் என்போம். சாலையைப் பிடிப்பது அது. அங்கே ரப்பர் தடிமன். பக்கவாட்டில் மெல்லிசு. சக்கரம் உருளும்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் மடங்கி நிமிரும். உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். பாரத்தைத் தாங்குவது காற்று. அந்தக் காற்றை டியூபோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பது இந்த நூல். ரப்பர் இளகினால் நூல்கள் ஒன்றையொன்று விட்டுவிடும்.

நகத்தை வைத்து அழுத்தினேன். அழுகிய பழத்தில் இறங்குவது போல இறங்கியது. போதாததற்கு, நிற்கிற காரை மச்சான் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கல்மேல் நிறுத்தவும் இல்லை. காற்று இறங்கி, சக்கரங்கள் தரையில் சப்பையாக ஒட்டியிருந்தன.

பம்பை எடுத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் காற்று அடித்தேன். ஏற ஏற, முன்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு புடைப்பு கிளம்பியது, தவளைத் தொண்டை மாதிரி. அதன்மேல் எண்ணெய் முத்து முத்தாகக் கசிந்தது.

அதற்குள் காதர் மைதீன் மகனோடு வந்துவிட்டார். அத்தர் வாசனையும் அந்த நாற்றமும் கலந்து இன்னும் மோசமானது. சதக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யா அல்லாஹ், எந்தக் கருவாட்டு மூட்டையை ஏத்துன?" என்றார் காதர் மைதீன்.

"டயரு போச்சு மொதலாளி. ஓட்ட ஏலாது."

"மெதுவா போயேம்ப்பா. பத்துப் பேரு பாக்க எறங்கணும்ல?"

"மெதுவா போனாலும் டயரு மடங்கும். அந்தப் பொடைப்பு வெடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துக் கவுந்துரும்."

"நான் கும்புடுற வேளாங்கண்ணி மாதா மேல ஆணையா ஒண்ணும் ஆவாது," என்றார் இன்னாசி. "என் வள்ளம் என்னைக்காச்சும் வெடிச்சிருக்கா?"

"வெலையக் கூட்டித் தாரேன்டா," என்றார் முதலாளி.

புது டயருக்கு மதுரையில் சொல்லிவைத்து மாதக்கணக்கில் காத்திருக்கும் காலம். இந்தச் சவாரி போனால் அவர் வீட்டுச் சவாரி இனி எனக்கு வராது. ஓட்டிப் பார்த்துவிடலாமா என்று ஆசை வந்தது. அந்தப் புடைப்பை இன்னொரு தடவை பார்த்தேன். இனி யாரும் ஓட்டச் சொல்ல முடியாதபடி, குனிந்து ஒவ்வொரு சக்கரத்திலும் வால்வு ஊசியைக் கழற்றினேன். காற்று சீறிக்கொண்டு போனது. கார் முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தது.

"திமிருடா ஒனக்கு!" என்று கத்தினார் காதர் மைதீன். பிறகு இன்னாசி பக்கம் திரும்பினார். "கீழக்கரைக்கு வள்ளம் போவுமா?"

"காத்து தோதா இருக்கு மொதலாளி. வெரசா போயிரலாம்."

"அதுலயும் இதே எண்ணெய்தானே?"

"நேத்துத்தான் பூசுனேன்!" என்றார் இன்னாசி பெருமையாக.

மாப்பிள்ளை வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். உட்கார இடம் தேடினார். எல்லாப் பலகையும் எண்ணெயில் பளபளத்தது. கடைசியில் நின்றுகொண்டே போனார்.

நான் கரையிலிருந்து கொட்டகைக்குத் திரும்பிவந்து முதல் சக்கரத்தைக் கழற்றினேன். நாய் வாலை ஆட்டியபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.