பழுப்பு மாமாவும் இரண்டு அங்குலமும்

எங்கள் வீட்டு நெட் வயருக்குள் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. மாமாக்கள் முழு நிறத்தில் இருப்பார்கள். அத்தைமார் வெள்ளைச் சேலை, கரை மட்டும் அவரவர் மாமாவின் நிறம். ஒவ்வொரு ஜோடியும் ஒருவரை ஒருவர் சுற்றிப் பின்னிக்கொண்டு, மாடிப்படி உச்சியில் இருக்கும் நெட் பெட்டியில் தொடங்கி அடுக்களை மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் வரை நீண்டு கிடக்கிறார்கள். பெட்டிக்கு வந்து சேர்கிற எதையும், படமோ பாட்டோ பேச்சோ, தலையில் சுமந்து கீழே கொண்டுவருவது அவர்கள் வேலை. இங்கிருந்து போவதை மேலே ஏற்றிவிடுவதும் அவர்கள்தான்.

நான்கு வீடும் சேர்ந்து சுமந்தால் எல்லாம் உடனே வந்துவிடும். இரண்டு வீடு மட்டும் சுமந்தால் வேகம் பாதியாகும் என்று நினைப்பீர்கள். ஆகாது. பத்தில் ஒரு பங்காகும். மற்ற இரண்டு வீட்டில் என்ன நடக்கிறது என்று பேசிக்கொள்ளவே இவர்களுக்கு மீதி நேரம் போய்விடும்.

போன மாதம் எங்கள் வீட்டில் அப்படி ஆயிற்று.

என் அப்பா கஸ்பார் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறார். நாங்கள் அவரைப் பார்த்தது போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரில் வருவார். வயர் மந்தமான பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு புதன்கிழமைதான் அடுக்களைக்கு வந்தது. முகம் அதற்கும் மறுநாள். அம்மா புதன்கிழமை குரலைக் கண்ணை மூடிக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை வருகிற முகத்துக்கு அதைப் பொருத்திப் பார்ப்பாள். சில நாள் அப்பாவின் சிரிப்பு மட்டும் தனியாகப் பிந்தி வரும். ஒரு தடவை அம்மா என்னுடைய கணக்கு மார்க்கைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தபோது வந்தது. "நீங்க கொடுக்கிற செல்லம்தான்" என்று அம்மா அந்தச் சிரிப்பையும் சேர்த்துத் திட்டினாள்.

எனக்கு எல்லார் குரலும் வரும். பங்குச் சாமியார், ஸ்கூல் பஸ் டிரைவர், எதிர்வீட்டு மாமாவின் இருமல், எதுவானாலும். ஒரு செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் உட்கார்ந்து அப்பா குரலில், "ஜெசி, இன்னைக்கு என்ன மீனு?" என்றேன். அம்மா அடுக்களையிலிருந்து மீனின் பெயர், அது எப்படிக் கிடைத்தது, புளி போதவில்லை, தலைவலி, நான் பேச்சுக் கேட்பதில்லை என்று எல்லாவற்றையும் ஆசையாகச் சொல்லி முடித்தாள். பிறகுதான் அன்று செவ்வாய்க்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. தேங்காய்ச் சிரட்டை என் காதை உரசிக்கொண்டு போனது.

போன் இருக்கிறதே என்பீர்கள். போனில் பேசினால் பேச்சு காற்றில் போகும். எங்கள் தூத்துக்குடியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் பேச்சும் போகும். அம்மா ஒரு தடவை அப்பாவிடம் போனில் கொஞ்சியது மொத்தமும் உப்பளத்தில் போய் விழுந்தது. அன்று அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் சாயங்காலம்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதிலிருந்து குடும்பப் பேச்சு என்றால் வயர்தான் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் அந்தப் புதன்கிழமை அப்பாவின் கேள்வி வந்தது. கம்பெனியில் இன்னும் ஒன்பது மாதம் இருக்கச் சொல்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. அதற்குள் பதில் வேண்டும். பதில் வராவிட்டால் சரி என்று கேப்டன் எடுத்துக்கொள்வார். "நீ என்ன சொல்லுதியோ அதான் ஜெசி" என்று முடித்திருந்தார்.

அம்மா அப்போதே பதில் சொன்னாலும் அது மேலே ஏறிப் போய்ச் சேர சனிக்கிழமை இருட்டிவிடும். என்ன பதில் என்று நான் கேட்டேன். அம்மா புளியை ஊறப்போட்டாள். மறுநாள் காலையில் அப்பாவின் முகம் வந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிய முகம். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி வழிந்தது.

நான் மேலே போய் நெட் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். அங்கே எல்லாம் சுடச்சுட வந்து விழுந்துகொண்டிருந்தது. ஆகவே கோளாறு வெளியில் இல்லை, வீட்டுக்குள்தான். கம்ப்யூட்டரை மேலே தூக்கிப்போய் வைத்தோம். அதற்கு உயரம் ஒத்துக்கொள்ளாது, திரையை அணைத்துக்கொண்டது. மறுபடி கீழே கொண்டுவந்து தண்ணீர் தெளித்தோம். பீரோவின் கால் வயரை மிதித்துக்கொண்டிருந்தது. தூக்கி நகர்த்தினேன். ஆரஞ்சு மாமா, நல்லா இரும்மா என்றார். வேகம் அப்படியேதான் இருந்தது.

வயர் போட்டுக் கொடுத்த தனிஸ்லாஸ் அண்ணனைக் கூப்பிட்டோம். அணைத்துவிட்டுப் போடச் சொன்னார். எந்தக் கோளாறுக்கும் அவர் முதலில் சொல்வது அதுதான். அவருடைய அம்மாவுக்கு முட்டுவலி வந்தபோதும் அப்படித்தான் செய்து சரியாக்கினார். நாங்கள் அணைத்துப் போட்டோம். நான்கு குடும்பமும் கொட்டாவி விட்டு எழுந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவரால் வர முடியவில்லை. இன்னொரு வீட்டு வயருக்குள் கல்யாணம், அதற்குப் போயே ஆக வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலை, சட்டையில் சந்தனத்தோடு வந்தார்.

வயரின் கீழ் நுனியை உருவிக் காதில் வைத்துக் கேட்டார். பழுப்பு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்றார். அதனால் நீல வீட்டாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டில் மனசு சரியில்லாதபோது நாம் எப்படித் தூக்கிச் சுமந்து ஆட்டம் போடுவது என்று நீல அத்தை சொன்னாளாம்.

சண்டை என்னவென்றும் விசாரித்துச் சொன்னார். வயர் நுனியில், கம்ப்யூட்டரில் சொருகுகிற தலையை மாட்டும்போது விரலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு ஜோடியையும் நுனியில் இரண்டு அங்குலம் அவர் பிரித்துவிட்டிருந்தார். அந்த இடத்தில் மட்டும் பழுப்பு அத்தை தனியாக நிற்கிறாள். அப்படி நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழும். பச்சை மாமா பச்சை அத்தையைக் கண்ணே என்று கூப்பிட்டது விழுந்துவிட்டது. நீர் ஏன் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை என்று பழுப்பு அத்தை கேட்டிருக்கிறாள். கஸ்பார் வீட்டுக் கண்ணே, செல்லமே எல்லாவற்றையும் நாள் முழுக்கத் தலையில் சுமக்கிறேன், வேலை முடிந்த பிறகும் அதையே சொல்ல வேண்டுமா என்று மாமா கேட்டிருக்கிறார்.

"ஆம்பளைங்க எந்த வயருக்குள்ள இருந்தாலும் ஒண்ணுதான்" என்றாள் அம்மா.

புது வயர் போட்டுவிடலாம் என்றார் தனிஸ்லாஸ் அண்ணன். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆறு வருஷமாக் குடியிருக்காங்க. ஒரு வீட்டுச் சண்டைக்கு நாலு வீட்டையும் காலி பண்ணச் சொல்லுதியாடே?" அண்ணனுக்கும் அது நியாயமாகப் பட்டது. புது வயர்ச் சுருளைப் பைக்குள் வைத்துவிட்டார். வேறு வழி, அந்த இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டு, ஜோடிகளைக் கடைசி நுனிவரை சுற்றியபடியே புதுத் தலை மாட்டுவது. ஆனால் அவர் சுற்றச் சுற்ற, பழுப்பு ஜோடி மட்டும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டது. சம்மதம் இல்லாமல் மாட்டினால் நிற்காது என்றார்.

அப்போது மணி பதினொன்று. நுனியில் வாயை வைத்து, பழுப்பு மாமாவின் குரலில், கண்ணே என்றேன். அவர் குரல் தகர டப்பாவில் மணலைக் குலுக்குவது போலிருக்கும். அச்சாகவே வந்தது.

"ஜெசிந்தா மகளா?" என்றாள் பழுப்பு அத்தை. "நல்லாத்தான் இருக்கு ரொவினா. ஆனா அவரு சொல்லணும்னா மூணு தடவை தொண்டையைச் செருமுவாரு."

மாமாவை நேரடியாகவே கேட்டேன். சொல்லலாம்தான், ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது என்றார். இது நியாயம். எனக்கும் வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல் போவது அதனால்தான்.

ஆகவே நான் மாடிப்படி உச்சிக்குப் போனேன். மீன்காரப் புஷ்பராணி அக்காவின் குரலை எடுத்து, பெட்டிப் பக்கத்து நுனியில் நின்று, "விளமீனு, ஊளி, சீலா, இப்பத்தான் கரையேறுச்சு, துடிக்குது பாத்துக்கோ" என்று கூவினேன். மூன்று குடும்பமும் வயருக்குள் திமுதிமுவென்று மேலே ஓடிவந்தது. ஆரஞ்சு அத்தை செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். நீல மாமா ஊளி நேற்றையது மாதிரி இருக்கிறது என்றார். அவர் கண்ணுக்கு எதிரே மீன் என்று ஒன்றுமே இல்லை, ஆனாலும் குறை கண்டுபிடித்தார். இதற்கெல்லாம் நான் புஷ்பராணி அக்காவாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது. முள் இல்லாத மீன் வேணும்னா கடலுக்குள்ள போயி ஆர்டர் கொடு என்றேன். பச்சை அத்தை அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

கீழே நுனியைக் கையில் பிடித்திருந்தது அம்மா. பழுப்பு மாமா என்ன சொன்னார் என்று பிறகு கேட்டபோது, உனக்கெதுக்கு ஏட்டி என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனிஸ்லாஸ் அண்ணன்தான் சொன்னார். மாமா மூன்று தடவை தொண்டையைச் செருமினார். கண்ணே என்று சொல்லவில்லை.

"மேல இருந்து இங்க வரைக்கும் உன்னைச் சுத்திக்கிட்டேதான் வாரேன்" என்றாராம். "இந்த ரெண்டு அங்குலத்துலதான் கையை விட்டுட்டேன்."

பழுப்பு அத்தை சேலைக் கரையை இழுத்துச் செருகிக்கொண்டு தானாகவே ஒரு சுற்று சுற்றினாள். அண்ணன் கத்தரியை எடுத்தார். வெட்டி விழுந்த துண்டில் சண்டை இன்னும் முனகிக்கொண்டிருந்தது. அம்மா அதை வாசலில் வீசினாள். ஒரு காக்கா கவ்விக்கொண்டுபோய் எதிர்வீட்டு மாடியில் போட்டது. அங்கே மாமா இருமலை நிறுத்திவிட்டு, காப்பி ஏன் ஆறிப்போயிருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்.

புதுத் தலையைக் கம்ப்யூட்டரில் சொருகியதும் பின்பக்கத்து விளக்கு மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது. நீல வீட்டாரும் சும்மாட்டைக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அப்பா வந்தார். முகமும் குரலும் ஒன்றாக வந்தன. கன்னத்தில் இன்ஜின் எண்ணெய். பின்னால் கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கேப்டன் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னார். பிறகு, என்ன ஜெசி என்றார்.

நான் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மாவின் குரல் என் தொண்டையில் தயாராக இருந்தது. வந்திருங்க என்று ஒரு வார்த்தை போதும், அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அம்மா மேசையில் கிடந்த வயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். புதுத் தலை மாட்டின இடத்தில் விரலை வைத்தாள். நான் எச்சிலோடு அந்தக் குரலை விழுங்கிவிட்டேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"சோறு வடிச்சாச்சு. வாங்க."

நான்கு குடும்பமும் அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடியது. பழுப்பு ஜோடிதான் முன்னால். திரும்பி வரும்போது அப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் தலை வந்தது, பிறகு மூக்குக்கண்ணாடி, தோள், நீலச் சட்டை, பையில் பேனா. அம்மா கைகொடுத்து இழுத்தாள். இடுப்புவரை வந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது.

அப்பாவை நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்காரவைத்தோம். கால்கள் கப்பலில்தான் இருந்தன. கேப்டன் வந்து காலணியைக் கழற்றுகிறார் என்றார் அப்பா. சிறிது நேரம் கழித்து, வலதுகால் பெருவிரலில் மையைத் தடவி ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள் என்றார். இன்ஜின் அறையில் நிற்பதற்குத்தான் ஆள் வேண்டும், அதற்குக் கால் போதுமாம். அம்மா அவர் கன்னத்து எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சோறு போட்டாள். தனிஸ்லாஸ் அண்ணனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

நடுவில் கரண்ட் வந்தது. மீதி அப்பாவையும் இழுக்க நான் எழுந்தேன். "இரிட்டி, சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள் அம்மா.

மணி பன்னிரண்டானதும் கப்பல் துறைமுகத்தை விட்டு வளைந்து திரும்பியது. அப்பா நாற்காலியில் மெல்ல இடதுபக்கம் சாய்ந்தார். அம்மா குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டாள்.