ஆறாத தையல்

கத்திரிக்காயாம், கத்திரிக்காய்! அந்த வார்த்தையைக் கேட்டதும் டாக்டர் ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரசுவின் வயிற்றில் போட்ட தையல் பிரிந்து சீழ் வைத்ததற்கு அவள் கத்திரிக்காய் தின்றதுதான் காரணம் என்று வார்டு முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவர் யாரோ விவரம் தெரியாத ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரர், ஆயிரம் வயிற்றைத் திறந்து பார்த்த சர்ஜன், டாக்டர் தோத்தாத்ரி. காலையில் ரவுண்ட்ஸ் வந்தவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், பக்கத்தில் நின்ற மாமியார்க்காரி காந்திமதியிடம், "என்னம்மா சாப்பிடக் குடுத்தீங்க இவளுக்கு?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். மிச்சத்தைக் காந்திமதி பார்த்துக்கொண்டாள்.

"நான் ரசஞ்சோறுதான் சார் குட்த்தேன்! இவதான் பக்கத்து கட்டில்காரிகிட்ட கத்திரிக்கா கொழம்பு வாங்கித் துன்னுகீறா. நாக்க அடக்கத் தெரியாதவளுக்கு இன்னாத்துக்குப் புள்ள?"

சரசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்தது தொண்ணூற்று இரண்டில், சேலையூர் கேம்ப் ரோட்டில் இருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில். ஹில்டாவுக்கு அங்கே லேப்பில் வேலை. சீழ், ரத்தம், மூத்திரம் எல்லாம் அவளிடம் வரும். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்துச் சொல்வதோடு அவள் பாடு முடிந்தது. நோயாளிக்கு மருந்து எழுதுவது அவள் வேலை இல்லை. சொன்னதைக் கேட்பதும் குப்பையில் போடுவதும் சீஃப் தோத்தாத்ரியின் இஷ்டம்.

சரசு பெரும்பாக்கத்துப் பெண். இருபது வயசு இருந்தால் அதிகம். தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்ததால் ஆபரேஷன். ஆண் குழந்தை, நல்ல தாட்டியாகத்தான் பிறந்தது. சீழ் வைத்ததும் காந்திமதி செய்த முதல் காரியம், "சீய் புடிச்ச ஒடம்பு, அது பாலு புள்ளைக்கு ஆவாது" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குன்றத்தூரில் தன் மகள் வீட்டில் விட்டதுதான். அங்கே அதற்கு டப்பாப் பால். இங்கே தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கிடந்தது. காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக ஆளே பாதியாகிவிட்டாள். புருஷன் குப்புராஜ் லாரியில் எங்கேயோ வடக்கே போயிருந்தான்.

சரசுவின் சீழை வளர்த்த கண்ணாடித் தட்டைத் திறந்தபோதே ஹில்டாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பச்சையாகப் பூத்திருந்தது. கெட்டுப்போன திராட்சை மாதிரி ஒரு வாசனை. வளரும் கிருமியின் மேல் மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை வைத்திருந்தாள். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்துவிடும். சீஃப் சரசுவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாரே, மருந்துக் கம்பெனி ரெப் வந்து புகழ்ந்து தள்ளிவிட்டுப் போன புது ஊசி, அதற்கு வட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிருமி அந்தப் பொட்டின் மேலேயே ஏறிக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. பழைய ஜென்டாமைசினுக்கு மட்டும் நல்ல அகலமான வட்டம்.

இதே பச்சையை, இதே வாசனையை அவள் அந்த மாதம் ஏற்கெனவே பார்த்திருந்தாள். குடலிறக்கத்துக்கு அறுத்த ஒரு ரயில்வேக்காரர், அப்பெண்டிக்ஸ் எடுத்த ஒரு காலேஜ் மாணவி. சரசுவோடு சேர்த்து மூன்று பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு சமையல். மூன்று பேரும் சொல்லிவைத்துக்கொண்டு ஒரே கிருமியை வீட்டிலிருந்து எடுத்துவந்தார்களா? கிருமிக்கு வீடே இங்கேதான் என்று ஹில்டாவுக்குப் பட்டது.

ஆபரேஷன் தியேட்டரில் குழாய், பேசின், கத்தி வைக்கும் தட்டு என்று ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துப் பார்த்தாள். எதிலும் ஒன்றுமில்லை. தியேட்டர் சிஸ்டர் தபீதாள் அப்படி வைத்திருந்தாள் இடத்தை. கடைசியில் கண் போனது, மூலையில் இருந்த பெரிய பழுப்பு பாட்டிலின் மேல். கிருமிநாசினியில் தண்ணீர் கலந்து அதில்தான் ஊற்றி வைப்பார்கள். அறுப்பதற்கு முன்னால் வயிற்றைத் துடைப்பது அதில்தான். கட்டு மாற்றும்போது புண்ணைக் கழுவுவதும் அதில்தான்.

"இத எப்ப சிஸ்டர் கழுவுனீங்க?"

தபீதாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "காலியானாதானே டாக்டரம்மா கழுவ? நான் அத காலியாக விட்டதே இல்லியே!" என்றாள், முகமெல்லாம் பெருமையாக.

அவள் வீட்டில் உப்பு ஜாடியும் அரிசி டின்னும் அடி தெரிந்ததே கிடையாது. பாதி குறைவதற்குள் மேலே கொட்டி நிரப்பிவிடுவாள். துடைத்து எடுத்தால் வீட்டுக்கு ஆகாது, அவள் அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தாள். அதே வழக்கத்தைத் தியேட்டருக்கும் கொண்டுவந்துவிட்டாள், பாவம். பாட்டில் கொஞ்சம் இறங்கினால் மேலே ஊற்று, இறங்கினால் ஊற்று. ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து அடியில் கிடந்தது அடியிலேயே கிடந்தது. தண்ணீர் கலந்து நாள்பட்டு வீரியம் போன மருந்தில் அந்தக் கிருமி வாழப் பழகிவிட்டது. "என் தியேட்டர்ல எதுவும் தீர்ந்துபோச்சுன்னு நான் கேட்டதில்ல" என்று சீஃப் போன கிறிஸ்துமஸுக்கு எல்லார் முன்னாலும் தபீதாளைப் பாராட்டினார்.

ஹில்டா பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து வளர்த்துப் பார்த்தாள். அதே பச்சை. தட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சீஃப் அறைக்குப் போனாள்.

"கிருமிநாசினில கிருமியா? என்ன ஹில்டா, வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்றார் தோத்தாத்ரி.

"சிரிக்கட்டும் சார். நீங்க இத ஒரு தடவ பாருங்க."

அவர் தட்டின் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. "இந்த ஜனங்க எப்படி வராங்கன்னு நீங்க பார்க்கறதில்ல. குளிக்கறதில்ல, கண்டதையும் தின்கறது, அழுக்குப் புடவைய வயித்துல சுத்திக்கறது. நாம தங்கத்துல தையல் போட்டாலும் சீழ் வைக்கத்தான் செய்யும்."

"பாட்டில் விஷயம் அப்புறம் இருக்கட்டும் சார். சரசுவுக்கு ஊசியையாவது மாத்துங்க. இப்ப போடறது அந்தக் கிருமிய ஒண்ணும் பண்ணல. ரத்தத்துல ஏறிடுச்சுன்னா அந்தப் பொண்ணு பொழைக்க மாட்டா."

"நேத்து வரைக்கும் ஒண்ணு, இன்னிக்கு வேற ஒண்ணுன்னா, ஏன் மாத்தினீங்கன்னு வீட்டு ஆளுங்க கேப்பாங்க இல்ல? அதையே கொஞ்சம் கூட்டிப் போடறேன். நீங்க லேப்ப பாருங்க."

ஒரு உயிரைவிட இவருக்கு அந்த 'ஏன்' பெரிதாகப் போய்விட்டது! ஹில்டாவுக்கு அந்தத் தட்டை மேஜைமேல் ஓங்கிப் போட்டு உடைக்கத் தோன்றியது. உடைக்கவில்லை. மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்" என்றார். அவர் சீனியர், அவருக்கும் மனசாட்சி இருக்கும், இன்னும் ஒரு தடவை சொன்னால் கேட்பார் என்று இவளும் நம்பிக்கொண்டு நடந்தாள். சரசுவுக்கு அன்னாசிப்பழ ஜூஸ்கூட வயிற்றில் தங்கவில்லை. காந்திமதி தினமும் வந்து உட்கார்ந்து கத்திரிக்காயை ஏலம் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் சீஃபின் மகள் பிரசவத்துக்குப் பம்பாயிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளுக்கும் ஆபரேஷன்தான் என்று முடிவாகி, மறுநாள் காலை நேரம் குறித்திருந்தார்கள். அன்று சாயங்காலம் ஏதோ ஒரு சாம்பிள் எடுக்கத் தியேட்டருக்குள் நுழைந்த ஹில்டா அப்படியே நின்றுவிட்டாள். மூலையில் பழுப்பு பாட்டிலைக் காணோம். அந்த இடத்தில் சீல் உடைக்காத புத்தம்புது பாட்டில்கள், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், வெந்நீரில் போட்டெடுத்த கிண்ணங்கள்.

"பழச கொட்டிட்டீங்களா சிஸ்டர்?" ஹில்டாவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இல்லியே. பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன். சீஃப்தான், நாளைக்கு மட்டும் புதுசு உடைங்க, எல்லாத்தையும் கொதிக்க வைங்கன்னாரு. நாளான்னிக்கு மத்த கேஸுக்குப் பழசு வேணுமில்ல?"

நாளைக்கு மட்டும்!

அப்படியானால் அந்த மனுஷன் நம்பியிருக்கிறார். தட்டைப் பார்க்காமலேயே, அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பியிருக்கிறார். தன் மகள் வயிற்றில் அந்தத் தண்ணீர் படக்கூடாது. சரசு வயிற்றில் படலாம், நாளான்னிக்கு வருகிற இன்னொருத்தி வயிற்றிலும் படலாம். சீ, இதுவும் ஒரு பிழைப்பா! இத்தனை நாள் இந்த ஆளுக்குப் புரியவில்லை, புரியவைக்கலாம் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே என்று நினைக்க நினைக்க ஹில்டாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

தபீதாளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் முதலில் சண்டைக்கு வந்தாள், பிறகு அழுதாள். பிறகு திடீரென்று எழுந்தாள். "ஐயோ கர்த்தாவே, இன்னிக்குக் காலைலகூட அந்தப் பொண்ணு புண்ண நான் அதுலதானே கழுவுனேன்! என் கையாலயே!" பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்துவந்து பேசினில் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை வடித்தாள். இவ்வளவு நடந்தும் அந்தத் தண்ணீர் பார்ப்பதற்குச் சுத்தமாகத்தான் இருந்தது.

ஹில்டா அங்கே நிற்கவில்லை. வார்டில் பார்வையாளர் நேரம். கட்டிலுக்குக் கட்டில் சொந்தக்காரர்களும் தூக்குவாளிகளுமாகக் கூட்டம். சரசுவின் கட்டில் பக்கத்தில் போய் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னாள்.

"சரசு, உன் புண்ணுக்கும் நீ சாப்பிட்டதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கிருமி இந்த ஆஸ்பத்திரில இருந்துதான் உனக்கு வந்தது. உன் வயித்தத் தொடச்ச மருந்து பாட்டில்ல இருந்து வந்தது. உனக்குப் போடற ஊசி அதுக்குக் கேக்காது. கேக்கற ஊசி வேற இருக்கு."

காந்திமதி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "இன்னாம்மா சொல்றே நீ?" என்று மட்டும் கேட்டாள்.

சரசு மெதுவாகத் திரும்பினாள். கண் குழிவிழுந்து கிடந்தது. அந்தக் கண்ணால் ஹில்டாவை நன்றாகப் பார்த்தாள்.

"இது உனுக்கு எப்போ தெரியும்?"

ஹில்டா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "ஒரு வாரமாவே தெரியும். பெரிய டாக்டர்கிட்ட தினமும் போய்ச் சொல்லிட்டுத்தான் இருந்தேன்."

"சரி. மொதல்ல அந்த ஊசியப் போடு. மத்தத அப்பறம் பேசறேன்."

மருந்து எழுத அதிகாரம் இல்லாத ஹில்டா கேஸ் ஷீட்டில் ஜென்டாமைசினை எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டாள். நாளைக்கு வேலை போய்விடும். போகட்டும், மயிரே போச்சு! தபீதாள் ஊசியை ஏற்றிக்கொண்டு வந்தாள். சீஃபுக்கு யாரோ போன் போட ஓடினார்கள்.

ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே சரசு மாமியாரைப் பார்த்தாள். "இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? குன்றத்தூர் பஸ்ஸ புட்சி போய் என் புள்ளைய எட்த்துகினு வா. என் பாலு கெட்டுப்போச்சுன்னு இன்னொரு தபா சொன்னே, இங்கியே நாறிப்பூடும்."

காந்திமதி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தபீதாள் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் தேய்த்துவிட்டு நகர்ந்ததும் சரசு ஹில்டாவின் பக்கம் திரும்பினாள். எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. படுத்தபடியேதான் கேட்டாள். குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"இப்ப சொல்லு. ஒரு வாரமா அந்தாளாண்ட போய்ப் போய் சொன்னேன்றியே, என்னாண்ட ஏன் சொல்லல? எனுக்கு காது கெடையாதா? வாய் கெடையாதா? மொதல் நாளே சொல்லிருந்தின்னா நானே கத்தி ஊரக் கூட்டிருப்பேன். இல்லாங்காட்டி கட்டோட எய்ந்து வேற ஆஸ்பத்திரிக்காவது போயிருப்பேன். அவுரு வயிறாம்மா இது? என் வயிறு!"

வெளியே சீஃபின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹில்டா சரசுவின் கட்டிலை விட்டு நகரவில்லை.