சவுரியம்மாள் பாலம் ஏறினாள்

வேன் டிரைவர் போன் செய்தபோது நாங்கள் கடற்கரை மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். போலீஸ் விரட்டிவிட்டதாம். நேப்பியர் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வண்டியைப் போட்டிருக்கிறானாம், நடந்து வந்துவிடச் சொன்னான். கரும்பு வெட்டு முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் செட்டு இப்படிச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும். முகையூரிலும் கெடாரிலுமாகப் பதினாறு பேர். மேஸ்திரி முருகையன் எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "எல்லாம் ஜல்தி கெளம்புங்க" என்றார். பிறகு சவுரியம்மாள் அக்காவைப் பார்த்து, "நீ இங்கியே குந்து. வேன் சுத்திக்கினு வந்து உன்ன மட்டும் ஏத்திக்கும்" என்றார்.

அந்த "உன்ன மட்டும்" அக்காவைச் சுட்டிருக்க வேண்டும். இரண்டு தைக்கு முன்னால் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்புக் கொல்லையில் லோடு ஏற்றும்போது, லாரியில் சாய்த்திருந்த பலகையிலிருந்து விழுந்து அவளுக்கு வலது கால் முறிந்தது. கரும்புக் கட்டைத் தூக்கி அவள் தலையில் வைக்கிறவள் நான். அன்றைக்கும் என் கைதான் வைத்தது. கால் கூடிய பிறகு செட்டுக்கு வந்தாள். மேஸ்திரி சோறாக்கச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் முழுக்க வரப்போரத்தில் புகையில் உட்கார்ந்து பதினாறு பேருக்கு ஆக்கிப் போட்டாள். காலையில் வேனில் வரும்போதே அடுத்த சீசனுக்கும் அவள் அடுப்பங்கரைதான் என்று சொல்லிவிட்டார். எங்கள் வேலையில் ஒருத்தி கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவள் தலைக்குக் கட்டு வராது. இருபத்திரண்டு வருஷம் சுமந்த தலை அது.

"நான் நடந்துதான் வருவேன்" என்றாள்.

"கம்பு கூட எடுத்தாரலியே நீ."

"கம்பு எதுக்கு மேஸ்திரி? மாடா மேய்க்கப் போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள்.

சாயங்கால வெயில் பாலத்தின் வளைவுகளில் சாய்ந்து கிடந்தது. விற்களை வரிசையாக நட்டுவைத்த மாதிரி இருந்தன அந்த வளைவுகள். கீழே கூவம், கொஞ்சம் தள்ளிக் கடல். நடைபாதை முழுக்க ஜனம். கைப்பிடியில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறவர்கள், ஐஸ் தின்கிறவர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க நான் கற்றதே நாற்பது வயதுக்கு மேல்தான். அதனால் போர்டைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடும். அன்று ஒரு போர்டையும் படிக்கவில்லை. முன்னால் போகிற அந்த வலது காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நடுப்பாலத்துக்கு வந்தபோது ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரிப் போனது. உள்ளங்காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. சவுரியம்மாள் அக்கா சட்டென்று நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து, "ஆடுது! யாரும் ஏறாத! முன்னால போறவன் எறங்கட்டும்!" என்று கத்தினாள்.

லோடு ஏற்றும்போது அதுதான் சட்டம். பலகையில் ஒரு நேரத்துக்கு ஒரு ஆள். பலகை ஆடினால் பின்னால் வருகிறவர் கட்டோடு அப்படியே நின்றுவிட வேண்டும். அந்தக் குரலைக் கேட்டதும் பாலம் என்றும் யோசிக்காமல், பட்டணம் என்றும் யோசிக்காமல், நாங்கள் பதினைந்து பேரும் நின்றுவிட்டோம். மேஸ்திரியும்தான். தூக்கிய ஒரு காலைக் கீழே வைக்காமல் நின்றார். பின்னால் வந்த பட்டணத்து ஜனம் எங்கள் முதுகில் வந்து முட்டிக்கொண்டது.

போனை நீட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவன், "இன்னாக்கா, பாலத்துக்கே சிக்னல் போட்டுட்ட?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் செட்டுப் பச்சைமுத்துவும் சேர்ந்துகொண்டு, "யக்கா, லாரி எங்க நிக்குது?" என்றான்.

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு கையை இறக்காமலே அந்தப் போன்காரனைப் பார்த்தாள். "முப்பது கிலோவத் தலையில வெச்சிக்கினு ஆடற பலகையில ஏறிப் பாரு தம்பி. அப்பறமா வந்து சிரி."

அவன் போனை இறக்கிவிட்டு ஒதுங்கி வழி விட்டான். அவள் நடந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, தரை அதிர்ந்தபோது உடம்பு பாரம் முழுவதையும் அந்த வலது காலில் வைத்துத்தான் நின்றிருக்கிறாள்.

அக்கரையில் வேன் நின்றது. அவள் கதவில் கை வைத்து மூச்சு வாங்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை. "பாத்தீங்களா மேஸ்திரி?"

"பாத்தேன். சும்மா கைய வீசிக்கினு நடந்துட்டா ஆச்சா? பலகையில சொமையோட இல்ல ஏறணும்? பேசாம ஏறிக் குந்து."

ஊருக்குத் திரும்பும்போது குடிக்க வாங்கிய இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் மூடி திறக்காமல் வேனில் இருந்தது. அக்கா அதைக் காட்டினாள்.

"சின்னபொண்ணு, அத்த எறக்கு."

"இன்னாத்துக்குக்கா?"

"எறக்குடி."

இறக்கினேன். அவள் மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை உருவி, இரண்டு முறுக்கு முறுக்கிச் சுற்றி, சும்மாடாகத் தலையில் வைத்தாள்.

"ஏய், துண்டக் குடு. பேஜாரு பண்ணாத சவுரியம்மா. வுழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?"

"வுழுந்தா நான் சொல்லிக்கறேன். போன தடவ நீயா சொன்ன?"

இத்தனை வருஷத்தில் அவரை அவள் 'நீ' என்று சொன்னது அன்றுதான். துண்டுக்கு நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். பச்சைமுத்து சிரிக்கவில்லை.

"தூக்கி வுடு" என்றாள் என்னிடம்.

என் கை கேனின் கழுத்தைப் பிடித்தபடியே இருந்தது. எழவில்லை. "வாணாங்க்கா. என் கையால இன்னொரு தடவ முடியாது."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அன்னிக்கு வழுக்கனது பலகைடி. சேறு. உன் கை இல்ல. ரெண்டு வருசமா இத்தயா சொமந்துக்கினு இருக்கற? தூக்கு."

தூக்கினேன். அவள் முட்டியை மடக்கித் தலையைக் கொடுத்தாள். மடங்கிய முட்டி நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. கேனிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தேன். கடைசி விரலை எடுத்தபோது அவள் கழுத்து நேராகிவிட்டது. கையை வீசிக்கொண்டு, வந்த வழியே மறுபடியும் பாலத்தில் ஏறினாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான். மேஸ்திரி பின்னாலேயே இரண்டு எட்டு போய், நின்றார். ஜனம் அவளுக்குப் பிளந்து வழி விட்டு மறுபடி சேர்ந்துகொண்டது. முதலில் அவள் கால் மறைந்தது, அப்புறம் புடவை, அப்புறம் கழுத்து. தலைகளுக்கு மேலே அந்த நீலக் கேன் மட்டும் வெயிலில் தெரிந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் பாலத்தில் ஏறியது. கேன் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. கேன் போய்க்கொண்டே இருந்தது.