எழுதக் கூடாத விலாசம்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. கற்பனை என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் கற்பனையை இத்தனை தடவை அடித்துத் திருத்தி எனக்குப் பழக்கமில்லை.

முதல் தொடக்கம்: "அவள் கணினியைத் திறந்தபோது வெளியே மழை..." (மழையே பெய்யவில்லை.)

இரண்டாவது: "உலகத்தின் பாதிக் கணினிகளில் என் மனைவி எழுதிய நிரல்..." (பீற்றல். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: என் அக்கா சாப்பிட்டுக்கொண்டே சலித்துக்கொண்டாள். "ரொம்ப நீளமா அட்ரஸ் அடிச்சா சில நேரம் ஸ்கிரீன் அப்படியே நின்னுடுதும்மா. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் சேர்ந்து நின்னுடுது."

என் மனைவி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். "எந்த மாதிரி அட்ரஸ் அண்ணி?"

இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அக்கா ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கிறாள். அழைப்பவர் சொல்லச் சொல்ல விலாசத்தை அடிப்பாள். அது விலாசம் மாதிரி இருக்கிறதா என்று கணினி சரிபார்த்த பிறகுதான் வண்டிக்குத் தகவல் போகும். சரிபார்க்கும் அந்த வேலையைச் செய்வது என் மனைவி தனியாளாகப் பராமரிக்கும் நிரல் நூலகம்.*

* புத்தகம் அடுக்கிய நூலகம் அல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. எழுத்துகள் ஒரு வடிவத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இதன் வேலை. தொழில்காரர்கள் ரெகெக்ஸ் என்பார்கள்.

அன்றிரவே அதில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தாள். "அப்படி என்ன ஓட்டை?" என்று கேட்டேன்.

"கதவைப் பூட்டினோமான்னு பாதி வழியில திரும்பி வந்து பார்ப்பீங்களே, அதேதான். நீளமான வரி ஒண்ணு எல்லாம் பொருந்திட்டு, கடைசியில மட்டும் இடிச்சுதுன்னு வைங்க. இது திரும்பிப் போய் வேற மாதிரி பிரிச்சுப் பார்க்கும். அப்புறம் இன்னொரு மாதிரி. ஒரு எழுத்து கூடினா வேலை ரெண்டு மடங்கு. ஓயவே ஓயாது."

"என்னை ஏன் இழுக்குற?"

"உங்களை விட்டா நல்ல உதாரணத்துக்கு எங்க போறது?"

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. (இப்படி எழுதினால் செத்துப்போனவள் மாதிரி ஆகிவிடுகிறது. இருக்கிறாள். சிரிப்பதில்லை, அவ்வளவுதான்.)

3

ஓட்டையை அடைத்தாள். பயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் புதிய பதிப்புக்கு மாறும்வரை, ஓட்டையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. சோதித்துக் காட்டாமல் எந்தத் திருத்தத்தையும் வெளியிடக் கூடாது. என் மனைவி இந்த இரண்டாவதில் மகா கறார். கைப்பழக்கத்தில் திருத்தத்தோடு சோதனையையும் சேர்த்துப் பொதுவில் ஏற்றிவிட்டாள். கணினியை உறைய வைக்கும் வரி அந்தச் சோதனைக்குள் அப்படியே இருந்தது. பதறியடித்து எடுத்துவிட்டாள். அதற்குள் யார் யார் நகலெடுத்தார்களோ.

அழைப்பு மையத்தின் கணினிப் பொறுப்பாளரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள். "பராமரிப்பு நாள் வரட்டும் மேடம். ஓடிக்கிட்டிருக்கிறதுல கை வைக்க அனுமதி இல்ல" என்றார்.

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று இப்படி எழுதினேன்: "இருட்டறையில் முகத்தை மூடிய ஒருவன் அந்த வரியை..."

மனைவி பின்னால் நின்று படித்தாள்.

"இப்படி ஒரு ஆளே வேணாங்க. பயந்துபோய் அட்ரஸை நீட்டி நீட்டிச் சொல்ற ஒருத்தர் போதும். கடைசியில அந்தக் குறி வந்துட்டா முடிஞ்சுது."

"எந்தக் குறி?"

சொன்னாள். "கதையில எழுதித் தொலைச்சிடாதீங்க."

[இங்கே ஒரு குறி இருந்தது. எடுத்துவிட்டேன். திரும்பி வந்து ஒருமுறை பார்த்தேன். எடுத்துத்தான் இருக்கிறேன்.]

5

முடிவு அ: பராமரிப்பு நாள் வருகிறது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு ஆ: யாரோ ஒருவருடைய அப்பா மூச்சுத் திணறி... (மாட்டேன்.)

இன்று மதியம் மனைவி மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். "வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. அண்ணிகிட்ட சொல்லிடுங்க. நீளமான அட்ரஸ் வந்தா கம்ப்யூட்டரை நம்ப வேணாம், பேப்பர்ல எழுதி வண்டியை அனுப்பட்டும்." பொறுப்பாளரை நேரில் பிடிக்க அவள் கிளம்பிப் போனாள்.

வேலை நேரத்தில் அக்காவின் கைபேசி பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அவளை எட்ட எனக்குத் தோன்றிய ஒரே வழி அவசர எண்தான். கூப்பிட்டேன். வேறொரு பெண் எடுத்தாள்.

"அட்ரஸ் சொல்லுங்க."

"அதுக்கில்லைங்க, அங்க எங்க அக்கா..."

"சார், முதல்ல அட்ரஸ். அது இல்லாம என்னால எதுவும் செய்ய முடியாது. பதறாம சொல்லுங்க."

பதறினேன். தெருவின் பழைய பெயர், புதிய பெயர், எதிரே மருந்துக் கடை, பக்கத்தில் பள்ளிக்கூடம், எத்தனையாவது மாடி, எந்தப் பக்கக் கதவு என்று கொட்டினேன். அந்தப் பக்கம் விசைகள் தடதடவென்று ஓடின. வீட்டு எண்ணை விட்டுவிட்டது அப்போதுதான் உறைத்தது. அதையும் கடைசியில் சேர்த்தேன்.

எங்கள் வீட்டு எண்ணில் ஒரு குறி உண்டு.

விசைச் சத்தம் நின்றது.

"சார், லைன்லயே இருங்க" என்றாள் அந்தப் பெண். அவளுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. "எனக்கும் நின்னுடுச்சு." அது என் அக்கா. அதற்கும் பின்னால் தொலைபேசிகள் அடித்துக்கொண்டே இருந்தன.

"பேப்பர்ல எழுதுங்க!" என்று கத்தினேன். காத்திருப்பவர்களுக்கான இசை ஓட ஆரம்பித்திருந்தது.

இந்தக் கடைசிப் பகுதியை ஒரு கையால் எழுதுகிறேன். போன் இன்னும் காதில் இருக்கிறது. வைத்துவிட்டால் ஒரு லைன் காலியாகும், வேறு யாராவது உள்ளே வரலாம். வைக்காவிட்டால், அந்தப் பெண் லைனுக்குத் திரும்பி வந்ததும் பேப்பர் விஷயத்தைச் சொல்லிவிடலாம். வைக்கப் போகிறேன், திரும்பக் காதில் வைக்கிறேன். அங்கே அடிப்பதில் ஒன்று உங்கள் வீட்டு அழைப்பாகவும் இருக்கலாம். அதனால் முடிவு உங்களுடையது: வைக்கவா, வேண்டாமா?

எதைச் சொன்னாலும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.